ரங்கிடோட்டோவில் ஒரு செத்தவீடு

எங்கள் சங்கத் தலைவர் என் மனைவியின் வாயைப் பொத்தினார். மடித்து வைத்திருந்த தன் லேஞ்சியை, அந்தக் கைக்குட்டையை, எடுத்து, அவள் அழுதுகொண்டிருக்கும்போதே அவள் வாயில் வைத்து அமத்தினார். ரங்கிடோட்டோத் தீவின் உச்சியில், பட்டப்பகலில், சங்கத்துக் குடும்பங்கள் எல்லாம் பார்த்திருக்க இது நடந்தது. பிறகு பொதுக்கூட்டத்தில் மேடையேறி, அந்தச் சுற்றுலாவில் நடந்த அசிங்கத்துக்காக ஓக்லாந்துத் தமிழர் எல்லோரின் பெயரிலும் தாமே மன்னிப்புக் கேட்டுவிட்டதாக அறிவித்தார். சனம் கைதட்டியதாம். நான் வேலைக்குப் போயிருந்ததால் அந்தக் கூட்டத்தில் இல்லை. எனக்குப் பேசத் தெரியாது, எழுதவும் பெரிதாகத் தெரியாது. பஸ் திருத்துகிற கராஜில் வேலை செய்கிறவன். ஆனால் இதை அச்சிடுகிற மலர் ஊருக்கும் போகிறது என்று அதன் ஆசிரியர் சொன்னார். ஆகவே நடந்ததை ஊரில் இருப்பவர்களும் அறியட்டும்.

இந்த நாட்டில் சாவு சத்தம் போடாமல் வருகிறது. நாங்கள் ஓக்லாந்தின் ஏவன்டேல் பகுதியில் இருக்கிறோம். எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு கிழவர் இருந்தார். காலையில் பால் போத்தல் எடுக்க வரும்போது எனக்குக் கை காட்டுவார். ஒரு சனிக்கிழமை அவர் வீட்டு வாசலில் கதிரை, கட்டில், தேநீர்க் கோப்பைகள் எல்லாம் விலை எழுதி வைத்திருந்தார்கள். வீடு மாறுகிறார் போலும் என்று நினைத்து, நான் போய் ஒரு சுத்தியலும் வாங்கி வந்தேன். வாங்கிய பிறகுதான் சொன்னார்கள், அவர் செத்து மூன்று வாரமாம். எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் அடுத்த ஒழுங்கையில் கிடக்கிற நாய்க்கும் தெரியும். பறைச் சத்தம் கேட்கும், பெண்கள் தலையை விரித்துக்கொண்டு ஓடுவார்கள், வந்தவள் ஒவ்வொருத்தியும் வீட்டுக்காரியைக் கட்டிப்பிடித்து, கன்னத்தோடு கன்னம் வைத்து, தன் வீட்டில் முன்பு செத்தவர்களையும் சேர்த்துச் சொல்லி அழுவாள். நான் அங்கே இருந்த காலத்தில் இது எனக்குப் பிடிக்காது. காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய் நிற்பேன். அது எதற்கு என்று இங்கே வந்துதான் விளங்கியது.

போன வருடம் என் மனைவி சறோவின் அக்கா யாழ்ப்பாணத்தில் செத்துப்போனார். யோகக்கா என்று கூப்பிடுவோம். கலியாணம் முடியும்வரை அவரும் சறோவும் ஒரே பாயில் படுத்தவர்கள். வயிற்றுக்குத்து என்று துடித்திருக்கிறார். வெளியே ஊரடங்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வாகனம் அசையவில்லை. விடியும் முன் முடிந்துவிட்டது. ஊரில் டெலிபோன் வேலை செய்யாத காலம். லண்டனில் இருக்கும் சறோவின் சித்தப்பா மகனுக்கு யாரோ சொல்லி, அவர் எங்களுக்கு டெலிபோன் எடுத்தபோது ஒரு மாதம் ஓடிவிட்டது. "முப்பத்தொராம் நாள் அந்தியேட்டியும் முடிஞ்சுது, சாம்பலையும் கீரிமலைக் கடலில கரைச்சாச்சு" என்றார். சறோ ரிசீவரை வைத்துவிட்டு, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பருப்பை இறக்கினாள். அழவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் இரவு வேலை செய்து பகலில் நித்திரை கொள்கிறவர் என்று நினைத்தாளோ, எல்லாம் முடிந்த பிறகு அழுது என்ன என்று நினைத்தாளோ, எனக்குத் தெரியாது. கேட்டேன், சொல்லவில்லை. அன்றிலிருந்து கதையும் நின்றுவிட்டது. தேவைக்கு ஓம், இல்லை. அவ்வளவுதான்.

வேலையிடத்தில் என் ஃபோர்மனிடம் சொன்னேன். நல்ல மனிதர். தினமும் என்னோடு ஒரே பட்டறையில் நிற்கிற அவர், கவலை தெரிவித்துத் தபாலில் ஒரு அட்டை அனுப்பினார். பூப் போட்ட அட்டை. நான் நேரே போய்ச் சொன்னேன், "அட்டை வேண்டாம், மனைவியையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்." அவர் முகம் மலர்ந்து, "என்ன விசேஷம்? பியர் கொண்டுவரவா?" என்று கேட்டார். செத்தவீட்டுக்கு வந்து இருக்கத்தான் கூப்பிட்டேன் என்று நான் விளங்கப்படுத்தியதும் அவர் முகம் சிவந்துபோயிற்று. "உங்கள் துக்கத்தில் நுழைந்து தொந்தரவு தர விரும்பவில்லை" என்றார். எனக்கு நுழைகிற ஆள்தான் தேவையாக இருந்தது. இதை எப்படி இங்கிலிசில் சொல்வது என்று தெரியாமல் நான் ஒரு பஸ்ஸின் அடியில் போய்ப் படுத்து வேலையைப் பார்த்தேன். எங்கள் ஆட்களும் வந்தார்கள்தான். சோஃபாவில் இருந்தார்கள். வேலை எப்படி, மோர்ட்கேஜ் வட்டி எப்படி என்று கதைத்தார்கள். சறோ தேத்தண்ணி கொடுத்தாள். போய்விட்டார்கள். ஒருவரும் அக்காவின் பெயரைச் சொல்லவில்லை. அவளுக்கு மனவருத்தம் வரக்கூடாதாம்.

பிறகு அவள் சாப்பாட்டையும் குறைத்தாள். தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. உடுப்பெல்லாம் தொங்கத் தொடங்கியது. டொக்டர் குளிசை தந்தார். குளிசை போட்டால் நித்திரை கொண்டாள், எழும்பினால் அதே முகம். இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் பார்க்கவேண்டிவரும் என்று டொக்டர் சொன்னார். எந்த மாதிரி ஆஸ்பத்திரி என்று நான் கேட்டேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு, மனநோய் ஆஸ்பத்திரி என்றார்.

அந்த நேரத்தில்தான் சங்கம் ரங்கிடோட்டோவுக்கு ஒரு சுற்றுலா ஒழுங்கு பண்ணியது. ஓக்லாந்தில் எந்தத் தெருவின் முடிவில் நின்று கடலைப் பார்த்தாலும் அந்தத் தீவு தெரியும். எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் ஒரே வடிவம், இரண்டு பக்கமும் சரிந்த ஒரு கறுப்பு மலை. எரிமலை, பறவைகள், இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளின் கதை எல்லாம் ஒரே நாளில் காட்டுவார்கள் என்று சொன்னார்கள். சறோ வரமாட்டேன் என்று தலையை ஆட்டினாள். நான் அவளுடைய சப்பாத்தை எடுத்துக் காலடியில் வைத்தேன். போட்டுக்கொண்டாள். எதிர்த்துச் சொல்லவும் அவளிடம் வலு இல்லை.

படகில் ஏறியதும் தலைவர் எழுந்து நின்றார். அவர் வசதியானவர்கள் வாழும் எப்சமில் இருக்கிறவர், கொழும்பில் பெரிய கணக்காளராக இருந்தவர். "மற்ற ஆக்களும் படகில இருக்கினம். சத்தம் போட்டுக் கதைக்கக் கூடாது. சோறு கறி வேண்டாம் எண்டு முதலே சொன்னனான், எல்லாரும் சாண்ட்விச்தானே கொண்டு வந்தனீங்கள்?" என்றார். எங்களோடு லெட்சுமி என்று ஈப்போவைச் சேர்ந்த ஒரு தாதி இருந்தார். மலேசியத் தமிழர், வாய் காரம். "நான் தேங்காப்பால் சோறு, நாசி லெமாக் கொண்டாந்திருக்கேன் தலைவரே. சாண்ட்விச் சாப்பிட்டா மட்டும் வெள்ளையாயிடுவோமா லா?" என்று கேட்டார். படகே சிரித்தது. சறோ கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ரேவா என்ற மாவோரிப் பெண்மணி. அறுபது வயதிருக்கும். பருத்த உடம்பு, முழங்கால் வரை றப்பர் பூட்ஸ், நரைத்த கொண்டை. தீவில் இறங்கியதும் அவர் எங்களைப் படகு கட்டுகிற பாலத்திலேயே நிற்கச் சொல்லிவிட்டு, தான் மட்டும் முன்னே போய்க் கரையில் நின்று, மலையைப் பார்த்து நீளமாக ஒரு குரல் எடுத்தார். பாட்டு என்றும் சொல்ல முடியாது, கூப்பாடு என்றும் சொல்ல முடியாது. அந்தக் குரலின் நுனி உடைந்து இறங்கியது. அவருக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்து நான் ஓடப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வந்து விளங்கப்படுத்தினார். அதற்குக் கரங்கா என்று பெயராம். பெண்கள்தான் கூப்பிடுவார்களாம். "எங்கள் செத்தவர்களைக் கூப்பிட்டேன். உங்களோடு வந்த உங்கள் செத்தவர்களையும் கூப்பிட்டேன். அவர்களைப் படகில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் இறங்கக் கூடாது. முதலில் அவர்களுக்கு அழுவது, பிறகுதான் மற்றக் கதை. எங்கள் வழக்கம் அது." தலைவர் மரியாதையாகத் தலையாட்டினார். சறோ அந்தப் பெண்மணியை நிமிர்ந்து பார்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் ஒரு மனிதரின் முகத்தை நேராகப் பார்த்ததை நான் அப்போதுதான் கண்டேன்.

எங்களை ஒரு உழவு மெசின் இழுத்த பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பாதையின் இரண்டு பக்கமும் கறுத்த கல். கல் என்றால் எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல் மாதிரி இல்லை, யாரோ தாரைக் காய்ச்சி ஊற்றி, அது கொதிக்கும்போதே உறைந்துவிட்ட மாதிரி. மண் என்று ஒன்று இல்லை. அந்தக் கல்லின் வெடிப்புக்குள் வேரை விட்டுப் பொஹூட்டுக்காவா மரம் நிற்கிறது, சிவப்புப் பூ உதிர்ந்து கறுப்புக் கல் முழுக்கக் கிடக்கிறது. கரையில் கண்டல் செடியும் சேறு இல்லாமல் கல்லிலேயே முளைத்திருந்தது. கறுப்பு முதுகுள்ள பெரிய கடற்பறவைகள் கல்லுக்குள் முட்டையிட்டு, கிட்டப் போனால் தலையைக் கொத்த வந்தன. இந்த மலை வெடித்தபோது பக்கத்துத் தீவில் ரேவாவின் ஆட்கள் குடியிருந்தார்களாம். சாம்பல் மேலே விழுந்து வீடு தோட்டம் எல்லாம் மூடிவிட்டது. தப்பி ஓடினார்கள், பிறகு திரும்பி வந்தார்கள். அந்த ஈரச் சாம்பலில் அவர்கள் நடந்த கால் அடையாளமும், கூட வந்த நாயின் கால் அடையாளமும் இன்றும் இருக்கிறதாம். வந்து அந்தச் சாம்பலிலேயே கூமரா நட்டார்களாம். எங்கள் வத்தாளங்கிழங்குதான், சர்க்கரைவள்ளிதான் கூமரா. தலைவர் எந்த ஆண்டு வெடித்தது என்று கேட்டார். நான் நாயைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

உச்சிக்கு நடந்து ஏறினோம். அங்கே நின்றால் ஓக்லாந்து முழுக்கத் தெரிகிறது. வீடுகளுக்கு நடுவே அங்கங்கே கட்டிபோல எழும்பி நிற்பதெல்லாம் பழைய எரிமலைகள் என்று ரேவா ஒவ்வொன்றாகக் காட்டினார். த்ரீ கிங்ஸ் பக்கம் கையை நீட்டி, அங்கே இருந்த மலைகளை றோட்டுப் போட வெட்டி எடுத்துவிட்டார்கள் என்றார். எங்களை வட்டமாக இருக்கச் சொல்லிவிட்டுச் சொன்னார், தங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் சந்தித்தால் பெயரை முதலில் சொல்வதில்லை. முதலில் தங்கள் மலை, பிறகு தண்ணீர், பிறகு எந்த வள்ளத்தில் வந்தோம், யாருடைய பிள்ளைகள், கடைசியில்தான் பெயர். "நீங்களும் உங்கள் மலையைச் சொல்லுங்கள்."

தலைவர் சிவனொளிபாதமலை என்றார், அதன் உயரத்தையும் அடிக்கணக்கில் சொன்னார். லெட்சுமி ஈப்போச் சுண்ணாம்பு மலையையும் அதன் குகைக்குள் இருக்கும் முருகனையும் சொன்னார். என் முறை வந்தது. "எங்கள் ஊரில் மலை கிடையாது. கீரிமலை என்று பெயர் இருக்கிறது, போய்ப் பார்த்தால் ஒரு கேணியும் கடலும்தான். நான் பார்த்த உயரமான சாமான் நான் வேலை செய்த சீமெந்து ஆலையின் புகைபோக்கி" என்றேன். ரேவா வாய்விட்டுச் சிரித்தார். "சரி, புகைபோக்கியே இருக்கட்டும்." பிறகு சறோவைப் பார்த்தார். அவளுக்கும் அதே ஊர்தான் என்று நான் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி என்னை நிற்பாட்டினார். "மலை இல்லாத ஊரா? காற்று அடித்தால் யாருக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பீர்கள்?" என்று அவளிடமே கேட்டார்.

சறோ இங்கிலிசில், "மை சிஸ்டர்" என்றாள். "யோகக்கா."

"அவர் சுகமாக இருக்கிறாரா?"

"ஷீ ஃபினிஷ்" என்றாள்.

அதைச் சொன்னவுடன் அது வெளியே வந்தது. "என்ர அக்கா, என்னைப் பெறாமப் பெத்தவளே, பாய் விரிச்சாப் பாதி இடம் தந்தவளே, கடல் தாண்டி நான் வந்தன், கட்டையில நீ போனாயே, காட்டாமப் போனாயே முகத்தை" என்று நெஞ்சில் அடித்து அடித்து அழுதாள். அவள் தாயும் மாமிமாரும் செத்தவீடுகளில் இழுத்த அதே இழுப்பு. இவளுக்கு ஒப்பாரி தெரியும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. பூப்பார்க்க வந்திருந்த வெள்ளைக்காரர் இரண்டுபேர் பாதையில் நின்றுவிட்டார்கள். எங்கள் சனம் சிலர் நிலத்தைப் பார்த்தார்கள், சிலர் கமெராவைத் துடைத்தார்கள்.

தலைவர் அப்போதுதான் எழும்பி வந்தார். "பிள்ளை, போதும், போதும், ஆக்கள் பாக்கினம்" என்று சொல்லி லேஞ்சியை அவள் வாயில் வைத்து அமத்தினார். ரேவாவைப் பார்த்து, "மன்னிக்க வேண்டும், இவருக்கு மனநோய். நாங்கள் எல்லோரும் படித்தவர்கள்" என்றார். நான் எழும்புவதற்குள் ரேவா அவருடைய மணிக்கட்டைப் பிடித்து அந்தக் கையை எடுத்துவிட்டார். "அதை எடுங்கள். இவர் இப்போதுதான் இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்" என்றார்.

பிறகு அந்த மனிசி கறுப்புக் கல்லில் சறோவுக்குப் பக்கத்தில் இருந்து, அவள் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டு, தன் மொழியில் அழத் தொடங்கினார். உண்மையான கண்ணீர். மூக்கில் இருந்து வடிந்ததையும் துடைக்கவில்லை. அவர் யாருக்கு அழுதார் என்று எனக்குத் தெரியாது, ஒரு பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. லெட்சுமி மற்றப் பக்கம் வந்து இருந்தார். யாரோ, "கூட்டிட்டுக் கீழ போகலாமே" என்றதற்கு, "அழட்டும், விடுங்க. உங்களுக்குக் காது வலிச்சா நீங்க போங்க" என்றார். பலர் போனார்கள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் மூன்று பெண்களுக்கும் வெயில் படாமல் நின்றேன்.

ஓய்ந்த பிறகு ரேவா தன் நெற்றியையும் மூக்கையும் சறோவின் நெற்றியிலும் மூக்கிலும் வைத்தார். மெல்ல நடத்திக் கீழே கொண்டுவந்தார். கரையில் லெட்சுமி சாப்பாட்டைப் பிரித்தார். சறோ, "தலையில தண்ணி படாம எப்பிடிச் சாப்பிடுறது?" என்று தமிழில் சொன்னாள். நான் அதை மொழிபெயர்க்க வாயைத் திறக்க முன்னமே, ரேவா அவளைக் கையில் பிடித்துக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போய், தன் கையைக் கழுவி, தண்ணீரை அள்ளித் தன் தலையிலும் அவள் தலையிலும் தெளித்தார். சாவுக்கு அழுதால் தண்ணீர் தொடாமல் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாதாம், தங்களிலும் அப்படித்தானாம். சறோ வந்து இருந்து நாசி லெமாக்கைக் கையால் பிசைந்து சாப்பிட்டாள். நெத்தலியும் சம்பலும் முடிந்து, இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். லெட்சுமி தன் பங்கையும் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பும் படகில் தலைவர் என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார். "தம்பி, எங்கட ஆக்களின்ர விசாக் கடுதாசியள் எல்லாம் இந்த அரசாங்கத்தின்ர மேசையில கிடக்கு. சகோதரங்களைக் கூப்பிட எவ்வளவு பேர் காத்திருக்கினம் தெரியுமே? எங்களை விசரர், பைத்தியக்காரர் எண்டு நினைச்சா ஆரைத் தம்பி உள்ளுக்க விடுவாங்கள்?" என்றார். அவர் பயத்தில் பொய் இல்லை. நாங்கள் வந்திறங்கிய அன்று விமான நிலையத்தில் எங்களை ஏற்றியவரும், ஏவன்டேல் வீட்டை வாடகைக்கு எடுத்துத் தந்தவரும் அவர்தான். அதை மறுக்கிற ஆள் நான் இல்லை. ஆனால் அன்று எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. ஏனென்றால் சறோ என்னைத் தேடி வந்து நின்றாள். "இஞ்சாருங்கோ, உங்கட சேட்டில பொத்தான் இல்லை. எத்தினை நாளா இப்பிடித் திரியுறியள்? வேலைக்கும் இதோடயே போனனீங்கள்?" என்று எல்லோருக்கும் கேட்க ஏசினாள். நான் அந்த ஏச்சைக் கேட்டுக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றேன். ஒரு பஸ்ஸை ஜாக்கியில் தூக்கி வேலை செய்யும்போது ஜாக்கி வழுக்கி, மயிரிழையில் வெளியே உருண்டு வந்தவனுக்குத்தான் நான் ஏன் அப்படிப் பிடித்தேன் என்று தெரியும்.

இப்போது சறோ த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதியில் ஒரு உடுப்புக் கடையில் வேலை செய்கிறாள். குளிசை இல்லை. ஆஸ்பத்திரிப் பேச்சு இல்லை. அக்காவைப் பற்றி நாளுக்கு ஒரு கதை சொல்கிறாள், சிலதைச் சொல்லிச் சிரிக்கிறாள், சிலதுக்கு அழுகிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்ட செய்தி காதில் விழுந்ததும் நான் படகுத்துறைக்குப் போய் ரேவாவைக் கண்டேன். "உங்கள் தலைவர் கோட் போட்டுக்கொண்டு வந்து, அழுததற்கு மன்னிக்கச் சொன்னார். எனக்கு விளங்கவில்லை. யார் யாரை மன்னிப்பது?" என்றார். சறோ சாப்பிடுகிறாளா என்று கேட்டார். சாப்பிடுகிறாள் என்றேன். அவ்வளவுதான் கதைத்தோம்.

அக்காவின் சாம்பல் கீரிமலைக் கடலில். அக்காவின் செத்தவீடு ரங்கிடோட்டோ உச்சியில். சறோ பஸ்ஸில் போகும்போது கடல் தெரிகிற இடம் வந்தால் அந்தப் பக்கம் திரும்பி இருந்துகொள்கிறாள். கரைத்த இடத்தை அவள் இனிப் பார்ப்பாளோ தெரியாது, அழுத இடம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. அக்காவோ இப்படி ஒரு நாடு இருப்பதையே படத்தில்கூடப் பார்த்ததில்லை. எந்தக் கரையை எங்கள் கரை என்று சொல்வது என்று நாங்கள் இரண்டுபேரும் இப்போது கதைப்பதில்லை.

தலைவர் அவர்களே, இனி உங்களுக்கு. இதை எழுதலாமா என்று லெட்சுமியிடம் கேட்கப் போனபோது அவர் ஒன்று சொன்னார். இந்த வருடத் தொடக்கத்தில் கொழும்பில் உங்கள் அம்மா செத்துப்போனாராம். உங்கள் மனைவிதான் அவரிடம் சொன்னாராம்; நீங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. செய்தி வந்த அன்று மாலையே செயற்குழுவுக்கு வந்து, கதிரை வாடகையைப் பற்றிக் கதைத்தீர்களாம். கதிரை அடுக்கிக் கொடுக்கிற ஆள் என்று நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். உங்களுக்குப் பக்கத்துக் கதிரை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எங்கள் பெயரில் நீங்கள் கேட்ட மன்னிப்பை நான் ஏற்கவில்லை, அதை எல்லோர் முன்னாலும் திரும்பப் பெறுங்கள். அதோடு விடமாட்டேன். அடுத்த பொதுக்கூட்டத்தில், அதே மேடையில், அதே மைக்கில் எழும்பி நின்று எனக்கு ஒரு பதில் சொல்லுங்கள். உங்கள் அம்மாவுக்கு நீங்கள் எங்கே போய் அழுதீர்கள்?